மூன்றாம் அறை: கழித்தல் ஒன்று

அந்தக் கோல்ட் ஸ்டோரேஜுக்கு நான் போனது பட்டப்பகலில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுவிட்டாள், பொம்பளப் பிள்ளைதானே என்பீர்கள். காலை பத்து மணி. மண்டை காய்கிற வெயில். கேட்டிலிருந்து கட்டடம் வரை நடந்ததில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே கால் வைத்ததும் அந்த வேர்வை அப்படியே சில்லிட்டது.

நீளமான ஒரு நடைவழி. ஒரு பக்கம் முழுக்க நான்கு குளிர் அறைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் தடித்த பிளாஸ்டிக் பட்டைகள் திரைபோலத் தொங்கின. அவற்றின் பக்கத்தில், சுவருக்குள் இழுத்துவிடப்பட்ட இரும்புக் கதவுகள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை, மீன் வாடை, அதற்கெல்லாம் அடியில் மூக்கைச் சுருக்கவைக்கிற மருந்து வாடை ஒன்று. நடைவழியின் கோடியில் கண்ணாடி போட்ட கட்டுப்பாட்டு அறை. அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர், பக்கத்தில் பிரிக்காத பெட்டியில் புதியது ஒன்று.

பழையதில் இருக்கும் கதவுப் புரோகிராமைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அதுதான் என் வேலை. அன்றைக்கு அது சாதாரண வேலை இல்லை. என் கம்பெனியில் ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு அது கடைசி வாரம். வேலையை முடித்து, சாயங்காலம் நாலு மணிக்குள் இங்கத்து மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிப் போனால் நிரந்தரம். வாங்காவிட்டால் வீடு. எங்கள் வீட்டில் அப்பா மூட்டை தூக்குகிறவர். கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் வேலையில்லாமல் திரும்பி வந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அதுதான் தாங்காது.

"வா பாப்பா" என்றார் ஆபரேட்டர். அறுபதை நெருங்குகிறவர். காது, கழுத்து, வாய் எல்லாவற்றையும் ஒரே மப்ளரால் சுற்றியிருந்தார். அங்கே எல்லோரும் அவரை மப்ளர் மாமா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பாப்பான்னு கூப்பிடாதீங்க."

"சரி பாப்பா."

புரோகிராம் செய்வது எளிமையான காரியம். ஒவ்வொரு வாசல் நிலையிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒளிக்கதிர்கள், வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. ஆள் தாண்டும்போது கதிர் அறுபட்டு, அதன் மேலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும். வெளி விளக்கு முந்தினால் ஆள் உள்ளே போகிறார். உள் விளக்கு முந்தினால் வெளியே வருகிறார். வாசலில் பொருத்திய பெட்டி அதைக் கூட்டிக் கழித்து வைத்துக்கொள்ளும். புரோகிராம் அந்த எண்ணை வாங்கித் திரையில் காட்டும். எண் பூஜ்யமான நொடியில் இரும்புக் கதவு தானாக நகர்ந்து மூடும், காந்தப் பூட்டு விழும், ராட்சதக் காற்றாடிகள் ஓடும். அறை மைனஸ் நாற்பதுக்கு இறங்கும். ஒரு சுற்று நாற்பது நிமிடம். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. சரக்கு கெடுகிறது என்று நிறுத்தும் பொத்தானையே எடுத்துவிட்டார்களாம்.

"உள்ள ஆள் மாட்டிக்கிட்டா?"

"உள்பக்கம் ஒரு கைப்பிடி இருந்துச்சு. பெட்டி இடிச்சு இடிச்சு அலாரம் அடிக்குதுன்னு அதையும் கழட்டிட்டாங்க."

இதைச் சொல்லும்போது மாமா என்னைப் பார்க்கவில்லை.

பதினொன்றரைக்குள் புதிய கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். அதே புரோகிராம், அதே கோப்புகள், அதே வயர். ஆட்கள் எல்லோரும் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். ஒன்று, இரண்டு, நான்காம் அறைகள் பூஜ்யம் காட்டி, கதவை மூடிக்கொண்டு உறுமின.

மூன்றாம் அறை மட்டும் மூடவில்லை.

திரையில், மூன்றாம் அறைக்கு நேரே: உள்ளே ஒருவர்.

டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று உறைபனி. பெட்டிகள் உச்சி வரை. பெட்டிகளுக்கு நடுவே, பின்னே, எங்கும் ஆள் இல்லை. திரும்பி வந்து வயரைப் பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றிச் சொருகினேன். மூன்றாம் அறை: பூஜ்யம். கதவு சாதுவாக மூடிக்கொண்டது. புதியதில் சொருகினால் மறுபடி ஒன்று.

"பழசுல ஓடுது. நீ தொட்டதுல ஓடல. அப்போ தப்பு யாரும்மா பண்ணது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார் மேனேஜர். டை கட்டி அதன்மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

எனக்கு யார்மேல் சந்தேகம் என்று கேட்டால், முதலில் மப்ளர் மாமா மேல்தான். புதிய மெஷின் வந்தால் அவர் வேலை போகலாம். நான் இல்லாத நேரத்தில் வாசலில் கால் நீட்டிக் கதிரை அறுத்திருப்பார் என்று நினைத்தேன். அவரை என் கண்ணெதிரே உட்காரவைத்தேன்.

"எந்திரிக்கக் கூடாது."

"பாத்ரூம்?"

"அப்புறம்."

மூன்றாம் அறையின் வாசல் பெட்டியில் எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தான் ஒன்று உண்டு. கதவு உடனே மூடாதபடி காந்தப் பூட்டின் வயரைக் கழற்றிவிட்டு, அந்தப் பொத்தானை அமுக்கினேன். ஓடிவந்து திரையைப் பார்த்தேன். பூஜ்யம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். கண்ணாடி வழியே மூன்றாம் வாசல் நன்றாகத் தெரிந்தது. நடைவழியில் ஈ காக்கை இல்லை.

உள் விளக்கு சிமிட்டியது.

அடுத்து வெளி விளக்கு.

பிளாஸ்டிக் பட்டைகளில் நடுவில் இருந்த இரண்டு மட்டும் ஒரு சாண் விலகின. விலகியபடியே நின்றன. பூஜ்யத்துக்குக் கீழே பெட்டி எண்ணாது என்பதால் திரையில் மாற்றமில்லை.

பிறகு வெளி விளக்கு. உள் விளக்கு. பட்டைகள் சேர்ந்துகொண்டன.

உள்ளே ஒருவர்.

யாரோ வெளியே வந்து, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பப் போய்விட்டது போல இருந்தது.

"காத்து" என்றேன். "குளிர்க் காத்து பட்டையைத் தள்ளுது. அது கதிரை மறைக்குது."

மாமா மப்ளரை மூக்குவரை ஏற்றிக்கொண்டார். "ஒண்ணு, ரெண்டு, நாலுல காத்தே இல்லையா?" என்றார், மெல்ல.

காற்றோ கத்திரிக்காயோ, பழைய கம்ப்யூட்டர் மட்டும் எப்படிப் பூஜ்யம் காட்டியது? அதற்கு எனக்குப் பதில் வேண்டும். புரோகிராமின் கோப்புகளை வரிவரியாக ஒப்பிட்டேன். ஒரு எழுத்து வித்தியாசமில்லை. அப்போதுதான் பழைய திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைக் கவனித்தேன். ஒரு பெண்ணின் பெயர், கீழே பாஸ்வேர்ட்.

"இது யாரு?"

"முன்னாடி இருந்த இன்ஜினியரம்மா. போய் மூணு வருஷமாச்சு. மூணு ஷிப்டும் அவங்க லாகின்லதான் ஓட்டுறோம். வேற லாகின்ல போட்டா மூணாம் நம்பர் பேச்சு கேக்காது."

முதுகு நிமிர்ந்தது. இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் இரண்டு மணிநேரம் மிச்சம். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு லாகினுக்குப் பின்னாலும் ஒரு பட்டியல் இருக்கும். இந்தக் கோப்பு எங்கே, அந்தப் பிரிண்டர் எது என்று சின்னச் சின்ன வரிகள், ஒவ்வொன்றும் எழுதிய தேதி, நேரத்தோடு. புரோகிராம்கள் கிளம்பும்போது அதைச் சத்தமில்லாமல் படித்துக்கொள்ளும். புரோகிராமுக்குள் எவ்வளவு துழாவினாலும் அந்த வரிகள் அகப்படாது. புரோகிராமைத் தூக்கி வேறு மெஷினில் வைத்தால் கூடவும் வராது. அந்தப் பெண்ணின் லாகினில் அந்தப் பட்டியலைத் திறந்தேன்.

கடைசி வரி: மூன்றாம் அறை = கழித்தல் ஒன்று.

அவ்வளவுதான். பெட்டி எந்த எண்ணைச் சொன்னாலும் ஒன்றைக் கழித்துவிட்டுக் காட்டு. பெட்டி ஒன்று என்றால் திரையில் பூஜ்யம்.

முதலில் வந்தது சந்தோஷம்தான், மறைக்கமாட்டேன். அடுத்த மூச்சில் அது போயிற்று. உள்ளே நிஜமாக ஒரே ஒரு ஆள் இருந்து, பெட்டியும் சரியாக எண்ணியிருந்தால்?

"மாமா, இங்க யாராவது..."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி" என்றார் உடனே, அந்தக் கேள்விக்காகவே மூன்று வருடம் காத்திருந்தவர்போல. "லோடுமேன் ஒருத்தன். மூணாம் நம்பர்ல. நாப்பது நிமிஷம். திரையில ஜீரோ காட்டுச்சு பாப்பா, என் கண்ணால பார்த்தேன். பழிய இன்ஜினியரம்மா தலையில கட்டி அவங்கள அனுப்பிட்டாங்க."

அவர் கொடுத்த இன்ஜினியரம்மா நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணின் குரலுக்குப் பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஜெராக்ஸ் கடை. பாவம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"அக்கா, உங்க லாகின்ல கழித்தல் ஒண்ணுன்னு ஒரு வரி இருக்கு. அந்த ஆள் சாகறதுக்கு எட்டு மாசம் முன்னாடி தேதி. நீங்கதானே போட்டீங்க?"

ஜெராக்ஸ் சத்தம் நின்றது.

"நான் போடல."

"உங்க லாகின்க்கா."

"என் லாகின்தான். நான் போடல. மூணாவது ரூம் ஒண்ணு ஒண்ணுன்னே காட்டிட்டிருந்துச்சு. ரெண்டு வாரம் தேடினேன். ஒரு நாள் காலைல வந்தா, தானா ஜீரோ. சரியாப்போச்சுன்னு விட்டுட்டேன். நான் பண்ண தப்பு அது ஒண்ணுதான்."

"எட்டு மாசம் யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. ஆள் போனா ஒண்ணு, வந்தா ஜீரோன்னு கரெக்டா ஓடியிருக்கே?"

"ஓடும்மா. அது உள்ள இருக்கிற வரைக்கும் கணக்கு சரியா வரும். உள்ள அது ஒண்ணு, ஆள் ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு கழிச்சா ஒண்ணு." குரல் தணிந்தது. "அன்னைக்கு, ஆள் உள்ள இருக்கும்போது, அது வெளிய வந்துடுச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பைச் செய்துவிட்டுப் பேய்க்கதை சொல்கிறாள் என்று நினைத்தேன். "கதை விடாதீங்கக்கா" என்று போனை வைத்துவிட்டேன். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்தார். கண்டுபிடித்ததைச் சொன்னேன். ஆள் செத்த வரி இது, போடக்கூடாது, வாசலில் நல்ல சென்சார் மாட்டவேண்டும் என்றேன். அவர் டையைத் தடவிக்கொண்டார்.

"பழசுல இருந்ததைப் புதுசுல போடு. அவ்வளவுதான் உன் வேலை. ஆளுங்களை நான் பார்த்துக்கறேன்."

"எழுதிக் கொடுங்க சார்."

"எழுதிக் கொடுக்கணுமா? சரி, உங்க ஆபீசுக்குப் போன் போட்டு, வேலை தெரிஞ்ச ஒருத்தர அனுப்பச் சொல்லி எழுதறேன்." போனை எடுத்தார்.

நான் போட்டேன்.

ஆமாம், நானேதான். என் லாகினில், என் விரலால். அப்பா முகம் கண்முன் வந்ததா, வேலை தெரியாதவள் என்ற சொல்லா, தெரியாது. பத்து நிமிடம் ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அழித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பூட்டு வயரையும் திரும்ப மாட்டினேன். மூன்றாம் அறை: பூஜ்யம். கதவு மூடி, காற்றாடிகள் கிளம்புவதற்குள் மேனேஜர் சாவியால் திறந்து பார்த்துத் தலையாட்டினார். "ஒரு லோடு ஏத்திப் பார்த்துடலாம்."

ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தவரின் பட்டப்பெயர் ஜிம்பாடி. ஆள் ஒட்டடைக்குச்சி. கண்ணாடிக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துச் சல்யூட் அடித்தார். "இன்ஜினியர் மேடம், உள்ள போய் ஐஸ்கிரீமா ஆகிடமாட்டேன்ல?"

"சீக்கிரம் வாங்கண்ணா."

வெளி விளக்கு, உள் விளக்கு. திரையில்: ஒருவர். சரியான எண். மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

நான் திரையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள் விளக்கு சிமிட்டியது.

வெளி விளக்கு.

பட்டைகள் விலகின. அண்ணன் வரவில்லை. அறையின் ஆழத்தில் அவர் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

திரையில் பூஜ்யம்.

இரும்புக் கதவு நகர்ந்தது.

ஓடினேன். அந்த நடைவழி அவ்வளவு நீளம் என்று காலையில் தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பூட்டு விழுந்தது. சாவியைப் போட்டால், சுற்று ஆரம்பித்துவிட்டதால் திரும்பவில்லை. உள்ளே காற்றாடிகள் எழுந்தன. அந்த உறுமலுக்குள்ளிருந்து கதவை அடிக்கும் சத்தம். ஐந்து அடி. நிறுத்தம். ஐந்து அடி.

"சும்மா நிக்காதீங்க, கரண்ட்ட ஆஃப் பண்ணுங்க!"

"நாலு ரூம் சரக்கும் போயிடும்!" என்று மேனேஜர் கத்தினார். நிஜமாக அதைத்தான் கத்தினார்.

மெயின் சுவிட்ச் நடைவழியின் மறு கோடியில். அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கி இழுத்தேன். விளக்குகள், காற்றாடிகள், எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. காந்தம் விட்டது. நானும் மப்ளர் மாமாவும் கதவை நெம்பித் தள்ளினோம். ஜிம்பாடி அண்ணன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். புருவத்தில் பனி. இழுத்து வெயிலில் போட்டு, மாமா தன் மப்ளரை அவிழ்த்து அவர் தலையில் சுற்றினார். பல் கிட்டித்துப்போயிருந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, யாரு அது?"

"யாருண்ணா?"

"என்னைத் தாண்டி வெளிய போனது. போறப்ப தோளைத் தட்டிட்டுப் போச்சு. நீ இரு, நான் போறேங்கற மாதிரி."

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. பிழைத்துக்கொள்வார் என்றார்கள். விரல்களைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு லாகின்லதான் சார் போட்டிருக்கு. ஆமா சார், அவ பேர்லதான்" என்பது காதில் விழுந்தது. ஜெராக்ஸ் கடைக்காரியின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த நிமிடம் பார்த்தேன்.

சரி, என் தப்பை நானே எழுதுகிறேன். அவர்கள் எழுதுவதற்கு முன்னால் எழுதுகிறேன். வரியைப் போட்டது நான், போடச் சொன்னது யார், கைப்பிடியைக் கழற்றியது யார், எல்லாவற்றையும் எழுதுகிறேன். கரண்டைத் திரும்பப் போட்டுவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். மப்ளர் இல்லாத மாமா, கழுத்து மெலிந்து, யாரோபோல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாசல் பெட்டியைப் பூஜ்யமாக்கினோம். நான் போட்ட வரியை அழித்தேன். மூன்றாம் அறைக் கதவின் பூட்டு வயரையே வெட்டிவிட்டேன்.

மூன்றாம் அறை: பூஜ்யம்.

எந்தக் கழித்தலும் இல்லாத, நிஜமான பூஜ்யம். ஐந்து நிமிடம் பார்த்தோம். பத்து நிமிடம் பார்த்தோம். எந்த விளக்கும் சிமிட்டவில்லை. பட்டைகள் அசையவில்லை.

"திரும்பப் போகல" என்றார் மாமா. வாயை அதிகம் திறக்காமல் சொன்னார்.

 வரி அழிந்துவிட்டது என்பதற்குச் சாட்சியாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள, என் லாகினின் பட்டியலைத் திறந்தேன். என் வரி இல்லை.

அந்த இடத்தில் வேறொரு வரி இருந்தது.

கட்டுப்பாட்டு அறை = கழித்தல் ஒன்று.

இந்த அறையில் என் கண்ணுக்குத் தெரிந்தது மாமாவும் நானும்தான். இதற்கு வாசல் பெட்டி கிடையாது. கதிர்கள் கிடையாது. இதை எண்ணுகிற எதுவும் அந்தப் புரோகிராமில் கிடையாது. முழுதும் படித்தவள் சொல்கிறேன். எழுதிய லாகின் என்னுடையது. எழுதிய நேரம் மூன்று நாற்பத்திரண்டு. அந்த நேரத்தில் நான் கதவை நெம்பிக்கொண்டிருந்தேன். கட்டடத்தில் கரண்டே இல்லை. புதிய கம்ப்யூட்டருக்கு இன்னும் பேட்டரிகூட மாட்டவில்லை.

"அழிச்சிடு" என்று கிசுகிசுத்தார் மாமா.

அழித்தேன். பட்டியலை மூடினேன். உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தேன்.

அதே வரி. என் பெயரில். நேரம் மட்டும் மாறியிருந்தது.

நாலு மணி பதினொரு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நாலு பதினொன்று.